தங்கைக்காக நான் எழுதிய பரீட்சை

என் தங்கைக்கு என்ன பிரச்சினை என்று முதலில் சொன்னவர் டாக்டர் இல்லை. அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஆறு வாரம் மட்டும் வந்துபோன ஒரு பயிற்சி டீச்சர். தங்கை அப்போது பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல்லில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். நிரந்தர டீச்சர்களுக்குப் பாடம் முடிக்க வேண்டும், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு வந்த முட்டைகளில் உடைந்தது எது என்று பிரிக்க வேண்டும். இதற்கு நடுவில் பிள்ளைகளைப் பார்க்க யாருக்கு நேரம்? பி.எட். பயிற்சிக்கு வந்தவருக்கு மட்டும் இந்த வேலைகளை யாரும் கொடுக்கவில்லை. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தார்.

பார்த்ததை ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். கணக்குத் தேர்வில் தங்கை முதல் கணக்கைச் சரியாகப் போடுகிறாள். இரண்டாவதில் கடைசி வரிக்கு முந்தைய வரி வரை வந்துவிட்டு, விடையை எழுதாமல் மூன்றாவதுக்குப் போய்விடுகிறாள். மூன்றாவதின் பாதியில், எதிர்க் கட்டடத்துக்கு பெயின்ட் அடிப்பவர் ஏணியை எந்தப் பக்கம் நகர்த்தப் போகிறார் என்று பார்க்க ஆரம்பிக்கிறாள். மணி அடித்துவிடுகிறது. வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் விடை சொல்கிறாள். டீச்சர் ஒரு சீட்டில் நான்கு ஆங்கில எழுத்துகளை எழுதிக் கொடுத்தார்: ஏ, டி, ஹெச், டி. கவனம் ஓரிடத்தில் நிற்காத ஒரு நிலை, நான் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அதற்கான பட்டியல் வருகிற நவம்பர் கடைசியில் பள்ளியிலிருந்து போய்விடும், சீக்கிரம் பாருங்கள் என்றார்.

அது ஜனவரி மாதம். பத்து மாதம் இருக்கிறதே மேடம் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவருடைய பயிற்சி முடிந்தது, போய்விட்டார்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். அம்மா கார்மென்ட்ஸில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிறார். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் வீட்டிலிருக்கும் ஒரே பேனா என்னுடையது. ரேஷன் அட்டை, ஆதார், கேஸ் இணைப்பு, அம்மாவின் பி.எஃப். என்று எங்கள் வீட்டின் எல்லாப் படிவங்களையும் ஆறாம் வகுப்பிலிருந்து நான்தான் நிரப்புகிறேன். பின்னாளில் வேலையும் அதுவாகவே அமைந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில், வங்கிக்கு வருகிற விண்ணப்பங்களில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, எந்தக் கையெழுத்து கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது என்று பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு முன்னால் ஒரு படிவத்தை வைத்தால், பசித்தவன் முன்னால் இலை போட்டது போல.

படிவம் நிரப்புவதில் எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. எழுத்தில் யார் என்ன கேட்டாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். குறை என்று ஒன்றை எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு வேறொரு ஆபீஸுக்கு அனுப்புவார்கள் என்பது அப்பாவின் அனுபவம். என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது தாயின் படிப்பு என்ற கட்டத்தில் ஏழாவது என்று யாரோ எழுதித் தந்தார்கள். அம்மா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. அந்த ஏழாவதை நான் கல்லூரி வரை கொண்டுபோனேன். நடுவில் ஒருமுறை, முன்னேற்றம் இருந்தால் நல்லது என்று எட்டாவது ஆக்கினேன்.

டாக்டரைத் தேட ஆரம்பித்தேன். அரசு மருத்துவமனை ஒன்றில் வரச் சொன்ன தேதி, தங்கைக்குத் தேர்வு முடிந்து, ரிசல்ட் வந்து, அதை எல்லோரும் மறந்த பிறகு வருவதாக இருந்தது. என் ஆபீஸ் டீம் லீடரின் பையனுக்கும் இதே பிரச்சினை. வைட்ஃபீல்டில் ஒரு தனியார் கிளினிக் இருக்கிறது, ஆப்பில் புக் பண்ணு என்றார். தாங்களும் ஏழு வாரம் காத்திருந்ததாகச் சொன்னார். திருப்பதிக்கு நடந்தே போனவர் சொல்லும் குரலில் சொன்னார். அந்த ஏழு வாரமும் ஆப் அவருக்குத் தினமும் காலையில், காத்திருப்பதும் குணமடைதலின் ஒரு பகுதியே என்று செய்தி அனுப்பியதாம். நானும் போன் செய்து பார்த்தேன். பேசிய பெண், பிள்ளை எந்த சிலபஸ் என்று கேட்டார். ஸ்டேட் போர்டு என்றேன். ஓ, என்றார். அந்த ஓ இறங்கி முடிவதற்குள் நான் போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில், மே மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்கு இடம் கிடைத்தது. நான்கு மாதம். அது நோயைக் கண்டுபிடிக்கும் தேதி இல்லை. கண்டுபிடிக்க வேண்டியது இருக்கிறதா என்று பார்க்கிற தேதி. அதில் தேறினால்தான் அடுத்த வரிசையில் நிற்க முடியும்.

அந்த நான்கு மாதத்தில் என் தங்கைக்கு நோய் சொல்லாத ஆள் ஆனேக்கல்லில் பாக்கி இல்லை. வீட்டுக்கார அம்மா, வல்லாரைக் கீரை போதாத குறை என்றார். மெடிக்கல் கடைக்காரர் ரத்தத்தில் இரும்பு போதாது என்றார். தெருமுனை ஆட்டோக்காரர், போன் பார்ப்பது அதிகம் என்று போனைப் பார்த்தபடியே சொன்னார். அத்தனை பேரும் பத்து நிமிஷத்துக்குள் முடிவு சொன்னார்கள், அப்பாயின்ட்மென்ட் கேட்கவில்லை. சொல்லத் தெரிந்தவருக்கு மட்டும்தான் நேரமில்லை.

ஏப்ரலில் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு படிவங்கள் வந்தன. ஒன்று பெற்றோருக்கு, ஒன்று வகுப்பு டீச்சருக்கு. பிள்ளை பொருள்களைத் தொலைக்கிறாளா, சொன்ன வேலையைப் பாதியில் விடுகிறாளா, கூப்பிட்டால் காதில் வாங்காதது போல இருக்கிறாளா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதலில் பென்சிலில் போட்டு, பிறகு அதன்மேல் பேனாவில் போட்டேன். ஒரே சாய்வில், ஒரே அளவில் டிக். பொருள்களைத் தொலைக்கிறாளா? ஒருபோதும் இல்லை. அந்த வருஷம் அவள் தொலைத்தது மூன்று டிபன் பாக்ஸ், இரண்டு குடை, பஸ் பாஸ், ஒரு கால் செருப்பு. ஒரு காலை மட்டும் எப்படித் தொலைக்க முடியும் என்று அம்மா ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி கேட்கிறது, எழுத்தில் கேட்கிறது, கேட்பதைப் பார்த்தால் ஏதோ சேர்க்கைக்கான தேர்வு போல இருக்கிறது. இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிய இடத்தை, குடை தொலைத்தாள் என்று எழுதிக் கெடுப்பேனா? தாய் தந்தை கையெழுத்து என்ற இடத்தில், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா அடுப்பிலிருந்து வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமல் நான் சொல்லிக்கொடுத்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்துவிட்டுப் போனார்.

வகுப்பு டீச்சர் இவ்வளவு கஷ்டப்படவில்லை. முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை குறுக்கே ஒரு நீண்ட கோடு இழுத்து, அதன்மேல், நல்ல பெண், நடத்தை திருப்தி என்று எழுதி, கீழே ஹெட்மாஸ்டரின் வட்ட முத்திரையும் வாங்கித் தந்தார். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மே மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் தங்கையும் மட்டும் மூன்று பஸ் மாறிப் போனோம்.

உட்கார முடியாத பிள்ளைகளுக்காகக் கட்டிய கூடத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்பு நாற்காலிகளை வரிசையாகத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். சுவரில், அமைதியாக உட்காரவும் என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. விளையாட்டுச் சாமான்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. தொட்டால் உடைந்துவிடும் அல்லவா. மீன்தொட்டி இருந்தது, மீன் இல்லை. நாற்பது பிள்ளைகள் நாற்பது திசையில் ஓட, ஒரு செக்யூரிட்டி அவர்களைப் பிடித்துப் பிடித்து நாற்காலியில் வைத்துக்கொண்டிருந்தார். முதல் பிள்ளையை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் மூன்றாவது இறங்கிவிடும். என் தங்கை ஓடவில்லை. அவள் அந்த ரகம் இல்லை. டோக்கன் மெஷினில் காகிதம் ஏன் சிக்கிக்கொள்கிறது என்று பார்க்கப் போனாள். அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் அவளைத் தேடிப் பிடிப்பதற்குள் எண் தாண்டிவிட்டது. கூப்பிட்டால் கவனிக்காதவர்கள் கடைசியில் போய் உட்கார வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் விதி. கடைசியில் போய் உட்கார்ந்தோம்.

உள்ளே இருந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு படிவங்களையும் புரட்டினார், மதிப்பெண்களைக் கூட்டினார். கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டிலும் பூஜ்யம். என் முதுகு தானாக நிமிர்ந்தது.

“எல்லாம் நார்மலா இருக்கே. அடுத்த அசெஸ்மென்ட் தேவையில்ல. சந்தோஷமா போங்க,” என்றார்.

நாங்கள் வந்ததே நார்மல் இல்லை என்று சொல்வதற்குத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை சார், இவள் எல்லாவற்றையும் தொலைப்பாள் என்றேன். அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ஒருபோதும் இல்லை, அழகான டிக். பாதியில் விடுவாள் சார் என்றேன். மறுபடி காட்டினார். என் கையெழுத்தை வைத்தே என்னை மடக்கிக்கொண்டிருந்தார்.

“இத யாரு ஃபில் பண்ணது?”

“நான்தான் சார்.”

“நீங்க யாரு?”

“அண்ணன்.”

அவர் படிவத்தின் தலையில் இருந்த பெற்றோர் என்ற வார்த்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். புதிதாக நிரப்பிக் கொண்டுவாருங்கள், ஆனால் இந்த ஃபைல் மூடியாகிவிட்டது, மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்றார். கவுன்டரில் பதிவு செய்தேன். அடுத்த வருஷம் ஏப்ரலில்தான் தேதி கிடைத்தது. பொதுத்தேர்வு மார்ச்சில்.

திரும்பி வரும் பஸ்ஸில் தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். பொம்மனஹள்ளி தாண்டும்போது திரும்பினாள்.

“ண்ணா, என் லைஃப்லயே மொதோ வாட்டி எனக்கு நூத்துக்கு நூறு. அதுலகூட ஃபெயிலாக்கிட்டியே நீ.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சந்தாபுரம் வரை திரும்பவில்லை. பள்ளியிலிருந்து அவள் மார்க் பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் நாள்களில் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தது அந்தப் பின்னந்தலை.

அடுத்த வாரம் நான் மட்டும் போய்க் கவுன்டரில் நின்றேன். பதிவு செய்யும் அக்கா காக்ஸ் டவுனைச் சேர்ந்தவர், தமிழும் இங்கிலீஷும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். என் கதையைக் கேட்டுவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“தம்பி, ஃபாரத்துல பொய் எழுதி உள்ள வர்றவங்கள நான் பார்த்திருக்கேன். பொய் எழுதி வெளிய போனது நீ ஒருத்தன்தான்ப்பா.”

பிறகு இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். அப்பாயின்ட்மென்ட் வாங்கியவர் யாராவது வராமல் போனால் அந்த இடம் காலி. காலை எட்டரைக்குள் பிள்ளையோடும் தாயோடும் கவுன்டரில் நிற்பவருக்கு அதைத் தருவார். தாய் இல்லாமல் வந்தால் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்று அதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

யாரும் வராத நாள் எது? ஆபீஸில் விண்ணப்பங்களுக்கு நடுவே இதையே யோசித்தேன். முதலில் மழையைத் தேர்ந்தெடுத்தேன். சில்க் போர்டு ஜங்ஷன் ஏரியாகிக் கிடந்த ஒரு ஜூலைக் காலையில் மூன்று பேரும் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தோம். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்திருந்தார்கள். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எட்டு மாதம் காத்திருந்தவன் மழைக்கா நிற்பான்? அடுத்து, இந்தியா ஃபைனல் ஆடிய ஒரு நாள். அன்றும் எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பாக்கள் போனில் மேட்ச் பார்க்க, பிள்ளைகள் அப்பாக்கள் மேல் ஏற, கூடம் ஸ்டேடியம் போல இருந்தது. அம்மாவுக்கு இரண்டு நாள் லீவு போனது. லைன் சூப்பர்வைசர், உன் பெண்ணுக்கு கவனம் இல்லை என்றால் உனக்கு வேலையில் கவனம் இல்லையே என்று கேட்டதாக அம்மா வந்து சொன்னார், சிரிக்கிற மாதிரி.

அக்டோபர் வந்துவிட்டது. அப்போது பந்த் அறிவித்தார்கள்.

தண்ணீருக்காக நடந்த பந்த். தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று கர்நாடகம் முழுக்கக் கடையடைப்பு. இந்த மாதிரி நாள்களில் பெங்களூர்த் தமிழர்கள் செய்வது ஒன்றுதான்: முதல் நாளே பால் வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் இருப்பது, போனில்கூடச் சின்னக் குரலில் பேசுவது. பஸ் ஓடாது, ஆட்டோ ஓடாது. அன்றைக்கு அப்பாயின்ட்மென்ட் உள்ளவன் எவனும் வர மாட்டான். இந்தப் பத்து மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அதுதான். சிக்கல் ஒன்றே ஒன்று. எங்கள் ஸ்கூட்டரை ஓசூரில் வாங்கியிருந்தோம். நம்பர் பிளேட்டில் டி.என்.

அப்பா வேண்டாம் என்றார். அவருக்குப் பழைய பந்த்கள் நினைவிருந்தன. அதைப் பற்றி அவர் பேச மாட்டார்; வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கம்பி வளைக்கிற கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா செருப்பை மாட்டினார். தங்கை, போன வருஷம் பள்ளியில் ராஜ்யோத்சவ டான்ஸுக்குக் கொடுத்த, கன்னடக் கொடி நிறத்து மஞ்சள் சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து வண்டியின் பின்பக்கம் நம்பர் மறைகிற மாதிரி கட்டினாள். முன்பக்க நம்பரைச் சேறு ஏற்கெனவே மறைத்திருந்தது. எல்லாவற்றையும் தொலைப்பவள் அந்தத் துண்டை மட்டும் ஒரு வருஷம் எப்படிப் பத்திரமாக வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

மூன்று பேர், ஒரு ஸ்கூட்டர். பிடிக்க டிராஃபிக் போலீஸ் இல்லை. வழக்கமாக இரண்டரை மணி நேரம் ஆகும் தூரத்தை ஐம்பது நிமிஷத்தில் கடந்தேன். நகரம் இயங்குவதற்கு அதை மூடிவிட வேண்டும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ஒரு சந்திப்பில் மட்டும் பத்துப் பதினைந்து பேர் நடுரோட்டில் டயர் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையை நீட்டி நிறுத்தி, எல்லிகெ, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். அன்று எந்த மொழியும் வரவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த தங்கை, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நல்ல கன்னடத்தில் சொன்னாள். அதோடு விட்டாளா? லாரி டயர் வைத்தால்தானே நின்று எரியும், இந்தச் சின்ன ஸ்கூட்டர் டயரை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டாள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் பக்கத்திலிருந்தவரை, நான் சொன்னேன் பார் என்று திட்ட ஆரம்பித்தார். அந்த விவாதத்தில் அவர்கள் எங்களை மறந்துவிட்டார்கள். நான் வண்டியை மெல்ல உருட்டினேன். என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் தளர்ந்தன.

கூடத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. நாற்பது நாற்காலிகளும் காலி. செக்யூரிட்டி அவற்றில் ஒன்றில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். காக்ஸ் டவுன் அக்கா நடந்தே வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் அம்மாவைத்தான் தேடினார், பிறகு ரிஜிஸ்டரைத் திறந்தார். உள்ளே பெரிய டாக்டரம்மா மட்டும், ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸிலேயே இருப்பவர். இன்றைக்கு வர வேண்டிய எல்லோருடைய நேரமும் உங்களுடையதுதான், வாங்க என்றார் டாக்டரம்மா.

நான் கால்சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். இந்த முறை எல்லாவற்றையும் மிக அடிக்கடி என்று போடுவதாக முடிவு செய்திருந்தேன். டாக்டரம்மா பழைய ஃபைலைப் பார்த்தார், அதிலிருந்த டிக்குகளைக் கொஞ்ச நேரம் ரசித்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

“நீங்க வெளியே இருங்க.”

மேடம், அம்மாவுக்குப் படிக்க வராது, நான் படித்துச் சொல்ல வேண்டும் என்றேன். எனக்குப் படிக்க வரும் என்றார் அவர். பேனாவோடு வெளியே வந்தேன்.

காலிக் கூடத்தில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மீன்தொட்டியைப் பார்த்தேன். சுவரில் எழுதியிருந்ததை மூன்று மொழிகளிலும் படித்தேன். வாசலுக்குப் போய் நம்பர் பிளேட்டில் துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். மறுபடி போனேன். தம்பி, உட்காருங்க என்றார் செக்யூரிட்டி. உள்ளே டாக்டரம்மா ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்வது மெதுவாகக் கேட்டது. அம்மா முதல் இரண்டு கேள்விக்கு, எல்லாம் நல்லா கீது மேடம், ஒண்ணும் குறையில்ல என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டுச் சட்டம் அம்மாவுக்கும் தெரியும்.

மூன்றாவது கேள்விக்கு அம்மா பேச ஆரம்பித்தார். கொத்தமல்லி வாங்க அனுப்பினால் ஒன்றரை மணி நேரம் கழித்து, கொத்தமல்லி இல்லாமல், யாருடைய ஆட்டுக்குட்டியையோ பிடித்துக்கொண்டு வந்தது. பாதித் தலையைப் பின்னிவிட்டு மீதியை விரித்தபடி பள்ளிக்கூடம் போனது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றது. அதற்காக அம்மா அடித்தது. அடித்தபோது, ம்மா எனக்கே தெரியல ம்மா என்று அவள் அழுதது. அன்றைக்கு அம்மாவும் சாப்பிடவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒன்றரை மணி நேரம் அம்மா பேசினார். எங்கள் வீட்டில் அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

என்னை உள்ளே கூப்பிட்டபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. தங்கை மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் மூளையைப் பாதி கழற்றி வைத்திருந்தாள். வீட்டில் யாரிடமும் இதையெல்லாம் சொல்லவில்லையா என்று டாக்டரம்மா கேட்க, அம்மா என்னைக் காட்டினார்.

“இவந்தான் எல்லாம் எழுதுவான் மேடம். எழுதிக்கினு வந்து கையெழுத்துதான் கேப்பான். இன்னா கேட்டுகீறாங்கனு சொல்லவே மாட்டான்.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. என் மகன் இத்தனை மணிக்கு வேலைக்குப் போவான் என்பது போலச் சொன்னார். அவரிடம் நான் எத்தனையோ படிவங்களை நீட்டியிருக்கிறேன். ஒன்றில்கூட ஒரு கேள்வியை வாய்விட்டுப் படித்ததில்லை.

ஒருமுறை உள்ளே நுழைந்தவர்களுக்கு அடுத்த வரிசை சின்னதுதான். அடுத்த சனிக்கிழமை ஒரு சோதனை, அதற்கு அடுத்த சனிக்கிழமை ஒன்று. பள்ளிக்கு ஆஸ்பத்திரியே ஒரு படிவம் அனுப்ப, இந்த முறை வகுப்பு டீச்சர் கோடு இழுக்காமல் கட்டம் கட்டமாக நிரப்பினார். நவம்பர் கடைசி வாரத்தில் சான்றிதழ் வந்தது. அதில் அந்த நான்கு எழுத்துகள் இருந்தன. பயிற்சி டீச்சர் சீட்டில் எழுதிக் கொடுத்த அதே நான்கு எழுத்துகள், இப்போது முத்திரையோடு.

பட்டியல் போகிற நாள். பள்ளி அலுவலக கிளார்க் சான்றிதழை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது சரி, ஆனால் இதோடு ஒரு படிவமும் வேண்டும் என்று எடுத்து நீட்டினார். ஒரு மணிக்கு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும், சீக்கிரம் என்றார். மாணவியின் சிரமத்தை விளக்குக என்று ஒரு பெரிய கட்டம். மணி பன்னிரண்டே கால். என் கை தானாகப் பைக்குள் போனது. என்ன எழுத வேண்டும், எந்த வார்த்தை எடுபடும் என்று எனக்குத் தெரியும்; பத்து நிமிஷ வேலை.

படிவத்தைத் தங்கையிடம் தள்ளினேன். பேனாவையும்.

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். இரண்டு வரி வேகமாக வந்தது. எனக்கு விடை தெரியும், விடைக்குப் போகிற வழியில் வேறு வழிகள் நிறைய தெரிகின்றன என்று கன்னடத்தில் எழுதியிருந்தாள். மூன்றாவது வரியின் நடுவில் வெளியே மணி அடித்தது. மணி ஏன் இன்றைக்கு வேறு மாதிரி கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்விட்டாள்.

பன்னிரண்டரை. கிளார்க் என்னைப் பார்த்தார். நீங்களே முடித்துவிடுங்கள், கையெழுத்து மட்டும் அவள் போட்டால் போதும் என்றார். பன்னிரண்டு நாற்பது. பேனா படிவத்தின்மேல் மூடி திறந்தபடி கிடந்தது.

“வந்துடுவா சார்,” என்றேன்.

அவர் மற்ற காகிதங்களை நூல் போட்டுக் கட்ட ஆரம்பித்தார். நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு அவள் வந்தாள். மணியின் நாக்கைச் சுற்றி யாரோ துணி கட்டியிருக்கிறார்கள் என்றாள். உட்கார்ந்தாள், எங்கே விட்டேன் என்று தேடினாள், எழுதினாள். கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி வைக்கவில்லை. கிளார்க் அதன்மேலேயே முத்திரையைக் குத்தி, கட்டோடு சேர்த்துக் கட்டினார்.